கீற்றுகளை முடைதல்

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளை உலாவி என்கிறோம். திறந்துள்ள ஒவ்வொரு பக்கத்தின் பெயரையும் தாங்கி, உலாவியின் மேல்விளிம்பில் வரிசையாக நிற்கும் சிறு பட்டைகளைத் ‘தாவல்’ என்பாரும் உளர். ‘கீற்று’ என்பாரும் உளர். என் விருப்பம் கீற்றே. முடைந்த கீற்று கூரையாகி நிழல் தரும். முடையாமல் குவித்த கீற்று நடக்கும் வழியை அடைக்கும். கணினிக் கீற்றுக்கும் இவ்விரு இயல்புகளும் உண்டு.

தொடக்கக் கால உலாவிகள் பலவற்றில் ஒவ்வொரு பக்கமும் தனிச் சாளரமாகவே விரிந்தது. 2004இல் வெளிவந்த பயர்பாக்ஸின் முதற்பதிப்பும், 2006இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் 7ஆம் பதிப்பும் ஒரே சாளரத்துள் பல பக்கங்களை அடுக்கும் முறையைப் பரவலாக்கின. வசதி பெருகியது; உடன் குவியலும் பெருகியது.

செய்யுள் ஒன்றுக்குச் சொற்பொருள் எழுதும் பணியையே எடுத்துக்கொள்வோம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ஒரு கீற்றில் இருக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் மற்றொன்றில் இருக்கும். மதுரைத் திட்டத்தின் மூலநூல் இன்னொன்றில் இருக்கும். ஒரு சொல் வேறொரு நூலுக்கு வழிகாட்டும். அந்நூல் மேலும் ஓர் உரைக்கு அழைத்துச் செல்லும். நண்பகலுக்குள் இருபது கீற்றுகள் நெருங்கி நிற்கும். இடம் குறையக் குறையத் தலைப்புகள் சுருங்கிச் சின்னங்களே எஞ்சும். அவற்றுள் அகராதியைக் கண்டடைவதற்குள், தேடவந்த சொல்லைப் பற்றி மனத்தில் அரும்பிய கருத்து நழுவிவிடுகிறது. நாம் இழப்பது சில நொடிகளை மட்டுமன்று. கோவையாக வந்த சிந்தனையை.

இதற்குரிய தீர்வுகள் உலாவிக்குள்ளேயே உள்ளன. நாள்தோறும் வேண்டுவனவற்றின்மீது சுட்டியால் வலச்சொடுக்கிட்டு நிலைநிறுத்தலாம். அவை சிறு சின்னங்களாகி இடக்கோடியில் நிலைபெறும். அவற்றில் மூடும் குறி இராது. என் உலாவியில் பேரகராதி அவ்வாறே நிற்கிறது. குரோம் உலாவியில் 2020 முதல், ஒரு பணிக்குரிய கீற்றுகளைத் தொகுத்துப் பெயரும் வண்ணமும் இடலாம். ‘செய்யுள்’, ‘இலக்கணம்’ எனத் தொகுத்துவிட்டால், ஒன்றை விரித்து மற்றதைச் சுருக்கி வைக்கலாம். உலாவியைத் திறந்ததும் முன்பு விட்ட இடத்திலிருந்தே தொடரும்படியும் அமைப்புகளில் தெரிவு செய்யலாம்.

கீற்றை மூடத் தயங்குவோர் பலர். மூடினால் தொலைந்துவிடுமோ என்னும் அச்சமே குவியலுக்குக் காரணம். கண்ட்ரோல், ஷிப்ட் ஆகிய விசைகளோடு டி விசையையும் சேர்த்து அழுத்தினால், கடைசியாக மூடிய கீற்று மீண்டும் திறக்கும். நெடுநாள் வேண்டுவதைப் புத்தகக்குறியாகச் சேமிக்கலாம். ஆகவே, அஞ்சாமல் மூடலாம்.

மாணவர்கள் மறவாது கொள்ளவேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. கல்லூரிச் சேர்க்கைக்கான விண்ணப்பத்தை இணைய மையத்தில் நிரப்பும்போது, விட்ட இடத்திலிருந்து தொடரும் அமைப்பு அக்கணினியில் இருக்கக்கூடும். கணக்கிலிருந்து வெளியேறாமல் சாளரத்தை மட்டும் மூடிச்சென்றால், அடுத்து வருபவர் முன் உங்கள் கணக்கு திறந்து நிற்கலாம். உங்கள் மதிப்பெண்ணும் கைபேசி எண்ணும் கல்லூரித் தெரிவும் அவர் கைக்குச் செல்லலாம். சொந்தக் கணினியில் உதவும் வசதியே பொதுக் கணினியில் ஊறு விளைவிக்கும். அங்கே மறைநிலைச் சாளரத்தைப் பயன்படுத்துங்கள். வெளியேறிய பின்னரே எழுந்திருங்கள்.

உலாவியை உருவாக்கியோர் எல்லார்க்கும் பொதுவாக ஓர் அமைப்பைத் தந்துள்ளனர். நம் பணி இன்னதென்று அவர்கள் அறியார். அதனை அறிந்தவர் நாமே. எதனை நிலைநிறுத்துவது, எதனைத் தொகுப்பது, எதனை மூடுவது எனத் தீர்மானிக்கும்போது, இன்று என் கவனத்துக்கு உரியது எது என்னும் வினாவுக்கும் விடை கூறிவிடுகிறோம். அவ்விடை தெளிந்தவர்க்குக் கருவி ஏவல் கேட்கும்; தெளியாதவர் கருவியின் ஏவலுக்கு உட்படுவர்.