ஒத்திகைக் கணக்கும் மெய்க்கணக்கும்

டொலரின் விலை இன்னதென்று காலையில் எழுந்ததும் பார்க்கும் வழக்கம் எம்மவர் வீடுகளில் 2022 ஆம் ஆண்டிலேதான் வேரூன்றியது. அவ்வாண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவையும் கடந்தது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற முதியவர்களும் நாணயமாற்று வீதத்தைப் பற்றி உரையாடக் கேட்டோம். பல்லாண்டுகளாகக் கற்பித்தும் எம்மால் மாணவர் மனத்திற் பதிக்க இயலாத பாடத்தை அவ்வரிசை இரண்டே மாதத்திற் பதித்துவிட்டது! அக்காலந்தொட்டு, நாணயங்களை வாங்கி விற்றுப் பொருளீட்டலாமா என்று எம்மிடம் வினவும் இளைஞரும் பெருகினர்.

போரெக்ஸ் எனப்படும் இந்நாணயச் சந்தை மிகப் பெரியது. பேசல் நகரிலுள்ள சர்வதேச நிதித்தீர்ப்பனவு வங்கியின் கணிப்பின்படி, 2025 ஏப்பிரலில் அங்கு நாளொன்றுக்கு நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல் சராசரியாக 9.6 இலட்சம் கோடி டொலர். வங்கிகளும் பெருநிறுவனங்களும் உலாவும் அக்கடலிலே தனியொருவர் தோணி விடுவதற்குத் தரகு நிறுவனங்கள் வழி செய்து கொடுக்கின்றன. புதிதாக வருவோர்க்கு அவை முதலில் அளிப்பது டெமோ எனப்படும் ஒத்திகைக் கணக்கு. விலைகள் மெய், பணம் மட்டும் பொய். எம்மூர்ச் சிறுவர் குரும்பட்டியால் தேர் செய்து முற்றத்திலே இழுத்து மகிழ்வது போன்றது அது. விளையாட்டென்று இகழவேண்டியதில்லை, வடம் பிடிக்கும் முறையை அதிலும் ஓரளவு கற்கலாம். ஆயின், தேர்முட்டியில் நிற்கும் மெய்த்தேரின் பாரம் அதில் இல்லை.

எம் தமக்கையாரின் மகன் இலண்டனில் தொழில் புரிகின்றான். சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்தபோது தன் கைத்தொலைபேசியிலே ஒத்திகைக் கணக்கை எமக்குக் காட்டினான். 50,000 டொலரில் தொடங்கியது, மூன்று மாதத்தில் 56,000 ஆகியிருந்தது. “மாமா, இனி உண்மைக் காசு போட்டால் என்ன?” என்று கேட்டான். அவன் போட எண்ணியிருந்தது 2,000 பவுண். தாயாரின் வீட்டுக் கூரையைப் புதுப்பிப்பதற்கென்று ஈராண்டாகச் சேர்த்த பணம். தமக்கையார் அடுக்களையிலிருந்து எம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேண்டாமென்று ஒரு சொல்லில் மறுத்திருக்கலாம். முப்பது வயதுப் பிள்ளையை அவ்வாறு தடுத்தால், இலண்டன் திரும்பியதும் எமக்குத் தெரியாமற் செய்வான். ஆதலின், “தம்பி, விடைத்தாளைக் கொடு, திருத்திப் பார்ப்போம்” என்றோம். கணக்கிற் பதிவாகியிருந்த வாணிகங்கள் நாற்பத்திரண்டு. அவற்றுள் முப்பத்தாறு இலாபம். புள்ளி நன்றே! ஆனால், விடையை மட்டுமன்றிச் செய்கை வழியையும் பார்ப்பது ஆசிரியர் வழக்கமன்றோ? ஒவ்வொரு வாணிகமும் இடையிலே எவ்வளவு தாழ்ந்தது என்பதை நாட்குறித்து, விலைப்படத்தோடு ஒப்பிட்டோம்.

அங்கேதான் உண்மை வெளிப்பட்டது. யூரோவை டொலருக்கு எதிராக ஒரு முழு லொட், அதாவது 100,000 யூரோ, வாங்குவதே அவன் வழக்கம். விலை நான்காம் தசம தானத்தில் ஓர் எண் நகர்வதைப் பிப் என்பர். முழு லொட்டில் ஒரு பிப் 10 டொலர். அவன் இலாபத்தில் முடித்த வாணிகங்களுள் மூன்று, இடையிலே 300 பிப் வரை தாழ்ந்து பின்னர் மீண்டவை. 3,000 டொலர் நட்டத்தை 50,000 டொலர்க் கணக்குப் பொறுத்துக்கொண்டு காத்திருந்தது. 2,000 பவுண் என்பது ஏறத்தாழ 2,600 டொலர். அக்கணக்கு அங்கேயே மாண்டிருக்கும். அவனை வெல்வித்தது கணிப்புத்திறனன்று. இல்லாத பணம் தந்த பொறுமையே. சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருந்தான். பின்னர், “இதை நான் யோசிக்கவில்லை, மாமா” என்றான்.

பிரித்தானிய விதிப்படி முதன்மை நாணயச் சோடிகளில் முதலைப்போல் 30 மடங்குக்கு மேல் வாணிகஞ் செய்யத் தனியாளுக்கு இடமில்லை. 2,000 பவுணைக் கொண்டு ஒரு முழு லொட்டைத் தொடங்கவே இயலாது. ஆனால், ஏதோவொரு தீவிற் பதிவுபெற்ற தரகர் 500 மடங்கு தருவதாக அவனுக்கு அழைப்பு விடுத்திருந்தார். 500 மடங்கையும் பயன்படுத்தினால், விலை நூற்றுக்கு 0.2 எதிராக நகர்ந்தாலே முதல் முழுவதும் போய்விடும். அது ஒரு பிற்பகலில் நிகழக்கூடிய அசைவு. ஐரோப்பியக் கண்காணிப்புச் சபை 2018 ஆம் ஆண்டில் மடங்குகளுக்கு வரம்பு விதித்தபோது, இத்தகைய கணக்குகளுள் நூற்றுக்கு 74 முதல் 89 வரை நட்டமடைவதை எடுத்துக்காட்டியது.

ஒத்திகையில் தென்படாத வேறொன்றும் உண்டு. அங்கே கேட்ட விலைக்கே வாங்கலாம், விற்கலாம். மெய்ச்சந்தையிலோ மறுபக்கத்தில் ஒருவர் நின்றாலன்றோ விற்கலாம்? சுவிற்சர்லாந்தின் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்கு என்ற எல்லையை 2011 செப்டெம்பர் முதல் காத்துவந்தது. 2015 சனவரி 15 ஆம் நாள் அதனை முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. சில நிமிடங்களுள் யூரோ ஒரு பிராங்குக்குங் கீழே வீழ்ந்தது. “இவ்விலையில் விற்றுவிடுக” என்று முன்னமே காப்புக் கட்டளை இட்டிருந்தவர்களுக்கும் அவ்விலை கிடைக்கவில்லை, வாங்குவாரில்லை. முதலை இழந்ததோடு தரகருக்குக் கடனாளியும் ஆயினர் பலர். இலண்டனில் அல்பாரி நிறுவனத்தின் பிரித்தானியக் கிளை முறிந்தது, அமெரிக்காவின் எப்.எக்ஸ்.சி.எம். 30 கோடி டொலர் கடன் பெற்றே உயிர் தப்பியது.

மனத்தின் செய்தியோ தனி. பெறும் இன்பத்திலும் இழக்கும் துன்பமே மனிதருக்குப் பெரிதென்று கானமன், ட்வெர்ஸ்கி என்னும் அறிஞர் இருவர் 1979 ஆம் ஆண்டில் எழுதினர். பொய்ப்பணத்தில் அத்துன்பம் எழுவதேயில்லை. ஆகவே ஒத்திகையை நீட்டுவதாற் பயனில்லை, அதனை மெய்க்கு அணித்தாக்கவே வேண்டும் என்பது எம் கருத்து. போடக்கூடிய தொகை 200 பவுணாயின் ஒத்திகையும் 200 பவுணிலே நடக்கட்டும். லொட்டில் நூற்றிலொரு பங்கான 1,000 யூரோவையே வாங்குக; ஒரு பிப் பத்துச் சதம் மட்டுமே. நட்டத்தில் எங்கே வெளியேறுவதென்பதை முன்னரே எழுதி வைத்துக்கொள்க.

இந்நாட்டில் வாழும் மாணவருக்கு ஒன்று சொல்லவேண்டும். எம் மருகன் அந்நாட்டு விதிக்குட்பட்டவன். இங்கே 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் இருக்கின்றது. வங்கியிடம் வினவி அறியாமல் ஒரு சதமேனும் அயல்நாட்டுத் தரகருக்கு அனுப்புதல் தகாது.

மருகன் இலண்டன் திரும்பி, ஒத்திகையை 200 பவுணில் மீண்டுந் தொடங்கினான். இரண்டு மாதங் கழித்து அதே தொகையோடு மெய்க்கணக்குத் திறந்தான். முதல் வாணிகத்தில் தொண்ணூறு பென்ஸ் இலாபங் கண்டதும் கை நடுங்கி விற்றுவிட்டதாக எழுதினான். அது பின்னரும் ஏறியதாம். சென்ற மாதக் கடிதப்படி கணக்கில் இருப்பு 183 பவுண். கூரைக்குரிய பணம் தைமாதமே வந்து சேர்ந்தது. ஓடு மாற்றியாயிற்று; பீலி மட்டும் இன்னும் பூட்டவில்லை.