பெயரும் கிழமையும்

ஊரையும் பெயரையும் சேர்த்து வழங்குதல் தமிழர்க்குப் புதியதன்று. சங்கப் புலவர்தம் பெயர்களை நோக்குவோர், அவற்றுட் பல ஊரை முன்னிட்டு நிற்றலைக் காண்பர். கோவூர் கிழார், அரிசில் கிழார், ஆலத்தூர் கிழார் என்னும் பெயர்களில் ஊர் முன்னும் கிழார் என்னுஞ் சொல் பின்னும் நிற்கின்றன. கிழமை என்பது உரிமை. கோவூரிற் பிறந்தமையாலோ அங்கு உழைத்தமையாலோ மட்டும் ஒருவர் கோவூர் கிழார் ஆகிவிடவில்லை; அவ்வூரில் அவருக்கு உரிமை இருந்தது. அவருடைய பெற்றோர் இட்ட பெயர் மறைந்துவிட்டது; ஊரும் உரிமையும் இரண்டாயிரம் ஆண்டுகளாக அழியாது நிற்கின்றன.

இராகலையிற் பிறந்த எனக்கு இச்சொல்லின் முழுப் பொருளும் இலக்கண வகுப்பில் விளங்கவில்லை. ஒரு விண்ணப்பப் படிவத்தின் முன்னிலையிலேயே விளங்கிற்று. 'குடும்பப் பெயர்' என்றொரு கட்டம் அதில் இருந்தது. எங்களிடையே குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலையில் தாங்குகின்றோம். அது அடுத்த தலைமுறையில் மாறிவிடும். அக்கட்டத்தில் நான் தந்தையின் பெயரை எழுதினேன். அவர் அதே கட்டத்தை நிரப்ப நேர்ந்திருந்தால் என் பாட்டனாரின் பெயரை எழுதியிருப்பார். மூன்று தலைமுறையையும் இணைக்கும் ஒரே சொல் எதுவென்று எண்ணிப் பார்த்தபோது, அது அடுத்த வரியிற் கிடந்தது: தோட்டத்தின் பெயர். முகவரிக்கென விடப்பட்ட வரியில் எங்கள் குடும்பத்தார் அனைவரும் எழுதக்கூடியது அஃதொன்றே.

அப்பெயரோ எங்களுடையதன்று. இராகலையைச் சூழ்ந்த தோட்டங்களின் பெயர்களை எடுத்துக்கொள்க. லிடஸ்டேல் என்பது ஸ்கொட்லாந்தின் எல்லைப்புறத்துப் பள்ளத்தாக்கு ஒன்றின் பெயர். சென்லெனாட்ஸ், புரூக்சைட் என்பனவும் கடல் கடந்து வந்த ஒலிகளே. தோட்டத்துரைமார் தத்தம் ஊர் நினைவையும் உற்றார் நினைவையும் இம்மலைகளில் நட்டுச் சென்றனர். ஆங்கிலமும் ஸ்கொட்லாந்தும் மணக்கும் இப்பெயர்களிடையே ஒரு ஜெர்மன் குடும்பப் பெயரும் உண்டு என்பதே இக்கட்டுரைக்குத் தூண்டுதலாயிற்று.

இராகலையிலிருந்து பேராதனைக்கு வருவோர் கந்தப்பளை, நுவரெலியா, லபுக்கலை, இறம்பொடை வழியாக இறங்கிப் புசல்லாவையை அடைவர். எங்கள் பக்கத்து உடப்புசல்லாவை வேறு, இது வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து இராகலைக்கு இடப்பட்டு, 1940களில் மூடப்பட்ட இரண்டரை அடி அகலச் சிறு புகையிரதப் பாதையும் உடப்புசல்லாவைப் பாதை என்றே வழங்கியது. கம்பளைக்குப் போகும் வழியிலுள்ள புசல்லாவையைச் சார்ந்தே ரொத்சைல்ட் தோட்டம் கிடக்கின்றது. உலகெங்கும் செல்வத்தின் மறுபெயராக வழங்கும் அச்சொல், அங்கே லயங்களில் வாழும் மக்களின் முகவரி.

அச்சொல்லின் பிறப்பும் ஒரு முகவரியே என்பதுதான் வியப்புக்குரியது. ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரத்தார் 1462ஆம் ஆண்டு தொடக்கம் யூதர்களை மதிலோரத்து ஒற்றைத் தெருவொன்றில் அடைத்து வைத்தனர். இரவில் அத்தெருவின் வாயில்கள் பூட்டப்பட்டன. 1616ஆம் ஆண்டின் விதிகள் அங்கு வாழத்தக்க குடும்பங்களை ஐந்நூறாகவும், ஆண்டொன்றுக்கு நிகழத்தக்க திருமணங்களைப் பன்னிரண்டாகவும் வரையறுத்தன. வீடுகளுக்கு இலக்கம் இல்லாத அக்காலத்தில் ஒவ்வொரு வீடும் தன் வாயிலில் அமைந்த அடையாளத்தால் அறியப்பட்டது. அவ்வாறு செங்கேடயம் ஒன்றை அடையாளமாகக் கொண்ட வீட்டில் வாழ்ந்தோர் 'ரோட் ஷில்ட்' வீட்டார் எனப்பட்டனர். பின்வந்தோர் வேறு வீட்டிற்குக் குடிபெயர்ந்தனர். பெயர் மட்டும் கூடவே சென்றது. அக்குடியில் 1744ஆம் ஆண்டு பிறந்த மேயர் அம்ஷெல் வட்டித் தொழிலும் நாணய வணிகமும் செய்து உயர்ந்தார். அவருடைய மைந்தர் ஐவரும் பிராங்பேர்ட், வியன்னா, இலண்டன், நேப்பிள்ஸ், பரிஸ் ஆகிய நகரங்களில் நிலைபெற்றனர். அடைபட்ட தெருவில் ஒரு கதவின் மேலிருந்த அடையாளம் இவ்வாறு ஐரோப்பாவின் பெயராயிற்று.

மேயர் அம்ஷெலின் மகள் ஜெனெட் என்பார் வேர்ம்ஸ் என்னும் குடும்பத்திற் புகுந்தவர். வேர்ம்ஸ் என்பதும் இரைன் நதிக்கரையிலுள்ள ஒரு நகரின் பெயரே. இவருடைய மைந்தருள் கேப்ரியல், மொரிஸ் என்னும் இருவர் 1841ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்து புசல்லாவையிற் காடு வாங்கிக் கோப்பித் தோட்டம் அமைத்தனர். தம் குடும்பப் பெயரை விடுத்துத் தாய்வழிப் பெயரையே அதற்கு இட்டனர். மொரிஸ் சீனம் சென்று திரும்புகையில் தேயிலைக் கன்றுகளைக் கொணர்ந்து அங்கு நட்டார் என்று தேயிலையின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் வணிக நோக்கோடு தேயிலை பயிரிட்ட 1867ஆம் ஆண்டுக்கு இது கால் நூற்றாண்டு முந்தியது. நட்டார் என்னும் வினைமுற்றின் எழுவாயாக ஒரு துரையின் பெயர் நிற்கின்றது. குழி வெட்டிய கையும் கன்றை இறக்கிய கையும் எவருடையவை என்பதை அவ்வாக்கியம் சொல்லுவதில்லை.

உலகில் இப்பெயர் படிந்த இடங்களும் உயிர்களும் பல. டெல் அவிவ் நகரின் அகன்ற வீதியொன்று, பாலஸ்தீனத்தில் யூதக் குடியேற்றங்களுக்குப் பொருளுதவிய எட்மண்ட் ரொத்சைல்டின் பெயரைத் தாங்குகின்றது. விலங்கியலில் தோய்ந்த வோல்டர் ரொத்சைல்டின் பெயரால் ஒட்டகச் சிவிங்கி வகையொன்றும் பாலித்தீவின் வெண்ணிற மைனாவும் அறியப்படுகின்றன. வோல்டரின் தம்பி சார்ள்ஸ் தெள்ளுப்பூச்சிகளை ஆராய்ந்தவர். எலியிலிருந்து மனிதனுக்குப் பிளேக் நோயைக் கடத்துவதில் முதன்மை பெற்ற செனொப்சில்லா கீயோப்பிஸ் என்னும் தெள்ளை 1903இலும், அதன் இனமான செனொப்சில்லா அஸ்தியாவை 1911இலும் விவரித்துப் பெயரிட்டவர் அவரே. விலங்கியல் மரபின்படி, உயிரியின் பெயருக்குப் பின்னால் அதனை விவரித்தவர் பெயரும் நிற்கும்.

தொலைவில் நிகழ்ந்ததாகத் தோன்றும் இவ்வாராய்ச்சியும் எம்மவர் வழியிற் குறுக்கிட்டது. 1914இல் கொழும்பிற் பிளேக் பரவியது. மாநகர நுண்ணுயிரியலாளராக விளங்கிய ஹர்ஸ்ட், கொழும்பிலும் சென்னையிலும் மிகுந்திருந்தது அஸ்தியா என்றும், நோய் கடத்துவதில் அது கீயோப்பிசிலும் வலி குன்றியது என்றும் காட்டினார். அக்காலத்தில் இலங்கை அரசு இராமேசுவரத்திற்கு அருகே மண்டபத்தில் ஒரு தடுப்பு முகாமை நடத்தி வந்தது. தோட்டங்களுக்கு வருவோர் அங்கு நிறுத்தப்பட்டுத் தொற்றுநீக்கத்துக்கு உள்ளாயினர். நோயில்லை எனக் கண்ட பின்னரே கப்பலேறினர். ஒரு பூச்சியைக் கண்டறிந்து விவரிக்க எடுத்துக்கொண்ட அக்கறையை எண்ணுகையில், அம்முகாமைக் கடந்த மனிதருள் எத்தனை பேரின் பெயர் அவ்வாறு பேணப்பட்டது என்னும் வினா எழாமல் இராது.

பெயர் நிலைக்க உடைமை நிலைக்க வேண்டுவதில்லை. வேர்ம்ஸ் சகோதரர் 1865இல் தம் தோட்டங்களை விற்று இங்கிலாந்து திரும்பினர். அவர்தம் தமையனார் மகன் ஹென்றி டி வேர்ம்ஸ் 1888 முதல் 1892 வரை பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் துணைச் செயலாளராக இருந்தார். இந்தியத் தோட்டத் தொழிலாளரின் கூலியையும் ஒப்பந்தத்தையும் ஒழுங்குபடுத்திய 1889ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையில் நிறைவேறியது அந்நாட்களிலேதான். 1869இற் கண்ட இலைநோயாற் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பயிர் மாறிற்று, உடையவர் மாறினர், ஆட்சியும் மாறிற்று. ரொத்சைல்ட் என்னும் பெயர் மாறவில்லை. இலங்கையை விட்டுச் சென்ற குடும்பத்தின் பெயர் மலையில் நிற்க, மலையை விட்டு நீங்காத குடும்பங்களின் பெயர் செக்ரோலில் மட்டும் நின்றது.

அம்மக்களுக்குத் தோட்டத்தின் பெயர் சட்டையில் தைத்த துண்டு போன்றது. உவமைக்காக மட்டும் இதனைக் கூறவில்லை. 1921இல் ஒழிக்கப்படும்வரை வழக்கிலிருந்த துண்டு முறையின்படி, ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்திற்குச் செல்பவர் தம் கடன் கணக்கைக் கூறும் துண்டுச் சீட்டின்றிச் செல்லுதல் இயலாது. எந்தத் தோட்டத்து ஆள் என்பதே அவரைப் பற்றிய முதல் வினா. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அவ்வினா எந்த நாட்டு ஆள் என்று மாறிற்று. 1964இன் ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிய முடிவு பத்தாண்டுகள் கழித்து 1974இல் எட்டப்பட்டது. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே பிரஜாவுரிமை வழங்கிற்று. என் அப்பாயியிடம் ஊர் எதுவென்று எவரேனும் வினவினால், அவர் தாம் கண்டிராத துறையூரைச் சொல்லுவார். இருப்பு எங்கே என்றால் தோட்டத்தின் பெயரைச் சொல்லுவார். ஊரும் இருப்பும் அவருக்கு இரண்டாகவே இருந்தன. அவை ஒன்றாகும் நாளை அவர் காணவில்லை.

இலக்கண நூலார் ஆறாம் வேற்றுமையின் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பகுப்பர். கண்ணனது கை என்பது தற்கிழமை, பிரிக்கவியலாதது. கண்ணனது வீடு என்பது பிறிதின்கிழமை, விற்கலாம், வாங்கலாம். ரொத்சைல்டின் தோட்டம் என்புழி நிற்பது பிறிதின்கிழமை. 1865ஆம் ஆண்டு விற்பனையே அதற்குச் சான்று. தோட்டத்து மக்கள் என்புழி நிற்பது எது? ஐந்தாறு தலைமுறை அம்மண்ணிற் பிறந்து, அதன் மேட்டிலே புதையுண்டோரை நோக்கின் அது தற்கிழமையே. ஆவணங்களை நோக்கினாலோ பிறிதின்கிழமையும் அன்று. லயத்து அறை கம்பனியின் வசம்; நிலம் அரசினது; வாழ்வோர் பெயரில் ஒரு சாணும் இல்லை.

இஃது உணர்ச்சிக்கு மட்டும் உரிய பொருளன்று. வீட்டிற்கு இலக்கமும் வீதிக்குப் பெயரும் இல்லாத லயங்களில், ஒரே பெயருடையார் பலர் வாழுமிடத்து, தோட்டத்தின் பெயரை மட்டும் தாங்கி வரும் கடிதம் நிருவாகத்தின் கைவழியே சுற்றி வருகின்றது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து கிடைத்த இளைஞரை இப்பல்கலைக்கழகத்திலேயே நான் அறிவேன். தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் தடையின்றிப் பணி செய்ய வழி திறக்கும் சட்டத்திருத்தம் 2018இலேயே வந்தது. ஏழு பேர்ச்சஸ் நிலமும் அதில் ஒரு வீடும் உறுதியோடு வழங்கும் திட்டம் வந்த பின்னரும், லயங்களில் வாழ்வோரே மிகப் பலர்.

பெயரை மாற்றிவிட்டாற் போதும் என்று கருதுவாரும் உளர். ரொத்சைல்டையும் லிடஸ்டேலையும் நீக்கித் தமிழ்ப் பெயர் இடுவது எளிது. பலகை ஒன்றும் வண்ணம் சிறிதும் போதும். ஆயின் அப்பலகையின் கீழ் வாழ்வோர்க்குக் கிழமை வாராவிடத்து அப்பெயரும் மற்றுமொரு துரையின் பெயரே. அன்றியும், பிராங்பேர்ட்டின் அடைபட்ட தெருவிற் பிறந்த ஒரு சொல்லை வெறுப்பதற்கு எமக்குக் காரணமில்லை. பூட்டிய வாயிலும், எண்ணி அளந்த குடும்பங்களும், பிறர் வகுத்த வரிசை வீடுகளும் எவ்வாறிருக்கும் என்பதை அதனை முதன்முதல் தாங்கியோரும் அறிவர். 1987இல் அத்தெருவின் வீட்டு அடித்தளங்கள் சில மண்ணுக்கடியில் வெளிப்பட்டபோது, அவற்றைப் பேண வேண்டுமென்று மக்கள் போராடினர். 1992இல் அவ்விடத்தில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. லயங்களுக்கும் அத்தகைய நினைவகம் ஒருநாள் வேண்டப்படும். அதற்கு முன்னர் அவற்றில் வாழ்வோர் வெளியேறிச் சொந்த வாயிலில் நிற்க வேண்டும்.

அத்தெருவில் முகவரி குடும்பப் பெயராயிற்று. புசல்லாவையில் அக்குடும்பப் பெயர் பிறருக்கு முகவரியாயிற்று. மலையகத்தார் தம் முகவரியைத் தம் பெயராக்கிக்கொள்ளும் மூன்றாவது படி இன்னும் எஞ்சியுள்ளது. அதற்கு வேண்டுவன ஓர் உறுதிப் பத்திரமும், கதவில் ஓர் இலக்கமும், அவ்விலக்கத்திற்கு நேரே வந்து சேரும் ஒரு கடிதமுமே. அவை கிட்டும் நாளில் பலகையில் எம்மொழிச் சொல் இருப்பினும் இருக்கட்டும். இராகலை கிழார் என்றும் ரொத்சைல்ட் கிழார் என்றும் ஒருவர் தம்மைக் கூறிக்கொள்வதில் பிழை இராது.