அப்பா, அந்தப் பதிவை எடுக்க மாட்டேன்

எங்கள் ஊர் ஏரியில் சாக்கடை கலப்பதைப் பற்றி எழுதியதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. "நமக்கெதுக்குடா வம்பு? நாளைக்கு உன் வேலைக்குப் போலீஸ் விசாரணை வந்தா என்ன பண்ணுவ?" என்கிறார் அப்பா. அம்மா வாய் திறப்பதில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் போனில் ஒவ்வொரு கமெண்டாகத் தள்ளித் தள்ளிப் படிக்கிறார். யாராவது மிரட்டியிருக்கிறார்களா என்று தேடுகிறார்.

அது வீண் பயமில்லை. 2012 நவம்பரில் சிவசேனா தலைவர் பால் தாக்கரே இறந்தபோது, அதற்காகக் கடையடைப்பு எதற்கு என்று முகநூலில் எழுதிய இளம்பெண்ணையும், அதற்கு லைக் போட்ட தோழியையும் மகாராஷ்டிராவின் பால்கரில் கைது செய்தார்கள். அதைக் கண்டு கொதித்து உச்ச நீதிமன்றம் போனவர் ஸ்ரேயா சிங்கால். அப்போது அவருக்கு வயது 21. 2015 மார்ச் 24 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஒரு பதிவு யாருக்காவது எரிச்சலூட்டியது என்றாலே 3 ஆண்டு வரை உள்ளே தள்ள இடம் கொடுத்த பிரிவு அது. தீர்ப்புக்குப் பிறகும் அதே பிரிவில் வழக்குகள் பதிவாயின. இதையும் அப்பாவிடம் நான் மறைக்கவில்லை.

நான் யாரையும் ஏசவில்லை. கண்ணால் பார்த்ததைப் படத்தோடு போட்டிருக்கிறேன். எங்கள் தெருக் கிணறுகளுக்கு ஊற்று அந்த ஏரிதான். அடுத்த பதிவை முதலில் அப்பாவிடமே படிக்கக் கொடுப்பேன். தகவல் தப்பென்றால் திருத்துவேன். எழுதாதே என்றால் மட்டும் கேட்க மாட்டேன்.