பிளாச்சிமடை மயிலம்மா

பொள்ளாச்சியில இருந்து பாலக்காடு போற வழி. கடையில கோலா பாட்டிலைப் பார்த்ததும் மயிலம்மா ஞாபகம் வந்துட்டாங்க.

எரவாளர் பழங்குடிப் பெண். கணவரை இழந்தவங்க. பள்ளிக்கூடமே போனதில்ல.

2000-ல அவங்க ஊரான பிளாச்சிமடையில கொக்கோ கோலா ஆலை வந்துச்சு. கொஞ்ச நாள்ல கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சு. குளிச்சா உடம்பு அரிக்கும், அதுல பருப்பு வேகாது. பொம்பளைங்க குடத்தோட தூரமா நடந்தாங்க.

கூலிவேலையை விட்டுட்டு, ஆலைக்கு எதிரா 2002 ஏப்ரல் 22-ல ஆரம்பிச்ச போராட்டப் பந்தல்ல மத்த பெண்களோட உட்கார்ந்தாங்க. கூலி போனா அன்னைக்கு அடுப்பு எரியாதுன்னு தெரிஞ்சும்தான்!

2004 மார்ச்சுல ஆலை நின்னுச்சு. 2007 ஜனவரியில மயிலம்மாவும் போயிட்டாங்க.

2011-ல ஆலையால பாதிக்கப்பட்டவங்களுக்கான இழப்பீட்டு மசோதாவைக் கேரள சட்டசபை நிறைவேத்துச்சு. ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்கல.

அந்தப் பெண்கள் இழந்த கூலிக்கு யார் பதில் சொல்றது?