சொல்லத் தயங்க வேண்டாம்

வலப்பனைத் தோட்டங்களில் கர்ப்பிணித் தாய்மாரைச் சந்திப்பது என் வேலையின் ஒரு பகுதி. கிளினிக்கில் இரத்தம் எடுப்பதென்றால் பலருக்கும் பயம். எதற்காக எடுக்கிறார்கள் என்று கேட்கவும் கூச்சம்.

சென்ற ஆண்டு ஒரு தங்கை என்னைத் தனியே அழைத்தாள். 1983 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பம் அவளுடையது. 2009இல் சிறுமியாக இருந்தபோது செல் பட்டு, இரத்தம் ஏற்றப்பட்டுப் பிழைத்தவள். திருமணமாகி இங்கே லயத்துக்கு வந்திருந்தாள்.

"மிஸ், ரத்தம் ஏத்தினத கிளினிக்ல சொல்லணுமா? மாமிக்குத் தெரிஞ்சா வேற மாதிரி நினைப்பாங்க" என்றாள்.

கட்டாயம் சொல்ல வேண்டும் என்றேன். கிளினிக்கில் எல்லாத் தாய்மாருக்கும் சிபிலிஸ், எச்.ஐ.வி. சோதனைகள் செய்கிறார்கள். இவ்விரண்டும் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி நம் நாட்டில் அரிது. ஆகவே இரத்தம் ஏற்றியவர்கள், காயத்துக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் தாமாகச் சொன்னால்தான் வைத்தியர் அதைப் பற்றி யோசிப்பார்.

இந்நோய் இரத்தத்தால் பரவுவது. ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதால், பிள்ளையைக் கொஞ்சுவதால் பரவாது. பல வருடங்கள் அறிகுறியே காட்டாமல் இருக்கும். நோயுள்ள 100 தாய்மாரில் ஏறக்குறைய 6 பேரின் பிள்ளைகளுக்கே தொற்றுகிறது. முலைக்காம்பு வெடித்து இரத்தம் கசியாவிட்டால் தாய்ப்பாலும் கொடுக்கலாம். தடுப்பூசி இல்லை, ஆனால் 8 அல்லது 12 வார மாத்திரைகளால் 100க்கு 95 பேருக்கு மேல் குணமாகிறது. பொதுவாகப் பிரசவத்தின் பின்னரே மாத்திரை தொடங்குவார்கள். முதற் சோதனையில் அடையாளம் தெரிந்தாலும் இரண்டாவது சோதனை செய்தே நோயை உறுதிப்படுத்துவார்கள். சிலருக்கு அது தானாகவே நீங்கியிருக்கும்.

தங்கை மருத்துவமாதுவிடம் சொன்னாள். கடிதம் பெற்று, ஒரு நாள் பேரை விட்டுக் கணவனோடு நுவரெலியாவுக்குப் போனாள். தொற்று இல்லை என்று முடிவு வந்தது. இருந்திருந்தாலும் அவளையும் பிள்ளையையும் கவனிக்க வழி இருந்தது.

சகோதரிகளே, போர் நம் உடம்பில் விட்டுச் சென்ற தழும்புகள் வெட்கப்பட வேண்டியவை அல்ல. முதல் கிளினிக்கிலேயே, எப்போது, எதற்காக இரத்தம் ஏற்றினார்கள் என்று சொல்லுங்கள். மற்றவர் முன் சொல்ல விருப்பமில்லையென்றால் தனியே பேச வேண்டுமென்று கேளுங்கள். உங்கள் முடிவை உங்கள் சம்மதமின்றி வீட்டாருக்குச் சொல்லக்கூடாது என்பது வைத்தியத் துறையின் ஒழுங்கு.