கட்டிக்கிட்டு ஆடு

காலையில் கச்சிராயபாளையம் சாலையில் நடக்கப் போகும் எங்கள் கூட்டத்தில் ஏழு பேர். எல்லோரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். பேச்சு அரசியலில் ஆரம்பித்தாலும் கரும்பு விலையில் ஆரம்பித்தாலும் முடிவது மூட்டு வலியில்தான். ஒருவருக்கு முட்டி, ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்குக் குதிகால். எனக்குத் தோள்பட்டை. போன வாரம் ஒரு நண்பர், "வாத்தியாரே, உங்க தோள் எப்படி சரியாச்சுன்னு ஒருநாள் எழுதுங்களேன்" என்றார். எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் அதை எழுத வேண்டுமென்றால் இன்னொருவனின் முட்டியைப் பற்றியும் எழுத வேண்டும். அதைத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டு வந்தேன்.

நம் பக்கத்து வைத்தியம் உங்களுக்குத் தெரியாததல்ல. கழுத்துப் பிடித்துக்கொண்டால் தலையணையை வெயிலில் போடுவோம். இடுப்புப் பிடித்துக்கொண்டால், கால் முன்னால் வந்து பிறந்தவர் யார் என்று தேடிப் போய் மிதிக்கச் சொல்வோம். வீக்கத்துக்குப் புளியும் உப்பும் காய்ச்சிப் பற்று. வலிக்கு நொச்சி இலை ஒத்தடம். எலும்பு முறிந்தால் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் சிம்பு வைத்து ஒரு கட்டு. சுளுக்குக்கு எண்ணெய் போட்டு வழித்துவிட ஊருக்கு ஒரு கிழவர் இருந்தார். இவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில் இந்தக் கைகள்தான் எங்களுக்கு ஆறுதல். ஆனால் எது சுளுக்கு, எது சுளுக்கு இல்லை என்று பார்க்கத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

1996-ம் வருடம். அப்போது நம் பகுதி விழுப்புரம் மாவட்டம். நான் வேலை பார்த்த பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் இடம் காலி. கணக்கு வாத்தியாரான என்னிடம் கபடிக் குழுவை ஒப்படைத்துவிட்டார்கள். சின்ன வயதில் ஆற்று மணலில் சடுகுடு ஆடியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

அந்தக் குழுவில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். அவன் பெயரை எழுதப் போவதில்லை. மலை அடிவாரத்து ஊர். பாடிப் போனால் இரண்டு பேரையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்புவான். போலீஸில் சேர வேண்டும் என்பது அவன் ஆசை. அவன் அப்பாவுக்கும் அதே ஆசை.

குறுவட்டப் போட்டி, அரையிறுதி. பாடிப் போனவன் திரும்பும்போது எதிர் அணிக்காரன் கணுக்காலைப் பிடித்தான். பாதம் அங்கேயே நிற்க, உடம்பு மட்டும் கோட்டை நோக்கித் திரும்பியது. 'டக்' என்று ஒரு சத்தம். கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. விழுந்தவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு உருண்டான். ஒரு மணி நேரத்துக்குள் முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது.

நான் என்ன செய்தேன்? பக்கத்து ஊரிலிருந்து எண்ணெய் வழிப்பவரை வரவழைத்தேன். அவர் சூடாக எண்ணெய் ஊற்றி, பையன் அலற அலற வழித்துவிட்டார். நான் தலைமாட்டில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் இறுதிப் போட்டி. பையன் நொண்டிக்கொண்டு வந்து நின்றான். நான் சொன்னது இன்றும் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "ஒன்னும் இல்லடா, வெறும் சுளுக்கு. கட்டிக்கிட்டு ஆடு."

கட்டிக்கொண்டு ஆடினான். இரண்டாவது பாதியில் யாரும் தொடாமலேயே முட்டி மடங்கி விழுந்தான். இரண்டு புள்ளியில் ஜெயித்தோம். பிறகு அவன் வீட்டில் மூன்று மாதம் காலை அசைக்காமல் படுக்க வைத்தார்கள். எழுந்தபோது வலது தொடை இடது தொடையில் பாதிதான் இருந்தது. சில வருடம் கழித்து போலீஸ் தேர்வுக்குப் போனான். ஓட்டத்தில் வளைவில் திரும்பும்போது முட்டி வழுக்கி உட்கார்ந்துவிட்டானாம். அதோடு அந்த ஆசை முடிந்தது. வெள்ளிமலைப் பக்கம் ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புக்கு டிரைவராகப் போனான். வழியில் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "வாங்க சார், ஏறுங்க" என்பான். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, இடது காலை முதலில் ஊன்றி, வலது காலைப் பின்னால் இழுத்து வைப்பான். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

இனி என் தோள். 2015-ல் ஓய்வு பெற்றேன். 2022-ல் இடது தோள் வலிக்க ஆரம்பித்து, நாலைந்து மாதத்தில் கை தலைக்கு மேலே போகவில்லை. சட்டை போட மனைவியின் உதவி வேண்டும். கைக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று நானே முடிவு செய்து, குழந்தையைப் போல் மடியில் வைத்துக் காப்பாற்றினேன். காப்பாற்றக் காப்பாற்ற அது இறுகியது.

எதிர் வீட்டுப் பெரியம்மாவுக்குப் பக்கவாதம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே, அதில் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவர் ஒரு பெண். என் பேத்தி வயதுதான் இருக்கும். பெரியம்மாவின் கை விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து மடக்கி, அவர் மகளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார். ஒருநாள் வாசலில் மறித்து என் தோளைக் காட்டினேன்.

"ஐயா, சுகர் இருக்கா?" என்றார் முதலில். இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இப்படி உறைந்து போவது மற்றவர்களைவிட அதிகமாம். முதலில் டாக்டரைப் பார்த்து சர்க்கரை அளவைச் சரிசெய்யச் சொன்னார். பிறகு சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார்.

நம் ஊரில் இந்த வைத்தியத்துக்குப் பெயர் 'கரண்ட் வைக்கிறது'. நானும் அதை எதிர்பார்த்துத்தான் போனேன். பத்து நிமிடம் மெஷின் வைத்தார். பிறகு சொன்னார்: "ஐயா, இது வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். மருந்து இனிமேதான் இருக்கு. அதை நீங்கதான் செய்யணும்."

மருந்து என்ன தெரியுமா? குனிந்து நின்று கையைக் கிணற்று வாளி மாதிரித் தொங்கவிட்டு மெல்ல ஆட்ட வேண்டும். சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி மேலே மேலே ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். ஒரு துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து, நல்ல கையால் மெல்ல இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை. அடுத்த முறை போனதும், "ஐயா, வீட்டுப்பாடம் செஞ்சீங்களா?" என்று கேட்டார். முப்பத்து மூன்று வருடம் நான் பிள்ளைகளைக் கேட்ட கேள்வி! இரண்டு நாள் செய்யவில்லை என்பதை, அந்தப் பிள்ளைகளைப் போலவே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

பேரன் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருந்த அதே சுவரில் என் கோடுகளும் ஏறின. வாரத்துக்கு ஒரு விரல்கடை ஏறினால் அதிகம். சில வாரம் ஏறவே இல்லை. வெள்ளையடித்த சுவரைப் பாழாக்குகிறேன் என்று மனைவிக்குக் கோபம். பதினோரு மாதம் ஆனது, கொடியில் துணி காயப்போட. அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் பொறுமை வைத்தியத்துக்கு நம் பக்கத்திலேயே பெரிய முன்னோடி உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்ததற்கு அவரே காரணம். அறுவை சிகிச்சை முடிந்தால் வேலை முடிந்தது அல்ல, அந்தக் கை மறுபடி சோறு பிசைய வேண்டும் என்பதைத் தன் உடம்பிலேயே அறிந்தவர் அவர்.

தோள் பாதி சரியான சமயத்தில், ஒருநாள் அந்தப் பெண்ணிடம் ஜீப் டிரைவரின் முட்டியைப் பற்றிச் சொன்னேன். யாரோ தெரிந்தவர் என்றுதான் சொன்னேன். அவர் இரண்டே கேள்வி கேட்டார்.

"அடிபட்டப்ப சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எவ்வளவு நேரத்துல வீங்குச்சு?"

"ஒரு மணி நேரத்துல."

"அது சுளுக்கு இல்லைங்கய்யா. உள்ளே குறுக்கே போற சிலுவை மாதிரி ஜவ்வு, அது கிழிஞ்சிருக்கும். அப்படி இருந்தா திரும்பும்போது முட்டி வழுக்கும். அன்னிக்கு ஆட்டத்தை நிறுத்தி, ஐஸ் வச்சு, எலும்பு டாக்டர்கிட்ட காட்டியிருக்கணும். சூடும் எண்ணெயும் வச்சா வீக்கம் ஏறத்தான் செய்யும். மறுநாள் ஆட விட்டாங்களா என்ன?"

நான் பதில் சொல்லவில்லை. இருபத்தாறு வருடமாக யாரும் அவனிடம் கேட்காத இரண்டு கேள்விகள். பத்து வினாடி போதும் அவற்றுக்கு.

அன்று சாயங்காலமே ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேரடியாகவே சொன்னேன். "அன்னிக்கு உன்னை ஆடச் சொன்னது தப்புப்பா. உன் முட்டி போனதுக்கு நான்தான் காரணம்."

அவன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "நீங்க மட்டுமா சார்? நானும் ஆடணும்னுதான வந்து நின்னேன்" என்றான்.

அது என்னைத் தேற்றச் சொன்னது. அவனுக்கு அப்போது பதினைந்து வயது, எனக்கு முப்பத்தொன்பது. கணக்கு எனக்குத் தெரியும்.

கள்ளக்குறிச்சியில் எலும்பு மருத்துவரிடம் கூட்டிப் போனேன். ஸ்கேனில் பழைய கிழிசல் தெரிந்தது. முட்டித் தேய்மானமும் ஆரம்பித்திருந்தது. இந்த நிலையில் அறுவை சிகிச்சைக்கு அவசரம் இல்லை, முதலில் தொடைத் தசையைப் பலப்படுத்திப் பார்ப்போம் என்றார் மருத்துவர். இயன்முறை மருத்துவர் அதை அவனுக்கு இப்படி விளக்கினார்: "ஜீப்புல ஷாக் அப்சர்பர் போனா குழி எல்லாம் எங்க இடிக்கும்? பாடியில. அதே மாதிரிதான் அண்ணா, தொடைத் தசை போனா எல்லா அதிர்ச்சியும் முட்டிக்குத்தான்." அது அவனுக்கு உடனே புரிந்தது.

அவனுக்குக் கொடுத்த முதல் பயிற்சி எளிது. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை முட்டியால் கீழே அமுக்கித் தொடையை இறுக்க வேண்டும். ஐந்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும். அப்படிப் பத்து முறை. அடுத்து, படுத்துக்கொண்டு காலை மடக்காமல் ஒரு முழம் தூக்கி இறக்குவது. பிறகு, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. ஆள் சேரும் வரை ஜீப்பின் பின் சீட்டில் காலை நீட்டித் துண்டை அமுக்கிக்கொண்டிருப்பான். மற்ற டிரைவர்கள் கேலி செய்தார்கள். அவன் விடவில்லை.

முட்டி புதிதாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. குளிர் காலத்தில் வலிக்கிறது. இனி ஓட முடியாது. ஆனால் இப்போது கதவைப் பிடிக்காமல் இறங்குகிறான். வலது காலை முதலில் ஊன்றி இறங்குகிறான். நான் வேறு பக்கம் பார்ப்பதில்லை.

என் வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தை. இடுப்பு வலி என்றால் மாதக்கணக்கில் படுக்காதீர்கள். எங்கள் நண்பர் ஒருவர் ஒரு மாதம் கட்டாந்தரையில் படுத்து, எழுந்தபோது நடக்கவே பழக வேண்டியிருந்தது. சாதாரண இடுப்பு வலிக்கு ஏழு நாள் படுத்தவர்களைவிட இரண்டு நாள் படுத்தவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள் என்று அமெரிக்காவில் 1986-லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். ஆனால் இடுப்பு வலியோடு கால் மரத்துப் போனாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, முட்டி சிவந்து காய்ச்சல் வந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கினாலோ பயிற்சியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி. இப்போது சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது.

பேரப்பிள்ளைகள் விளையாடும்போது அடிபட்டால் ஆட்டத்தை நிறுத்துங்கள். முதல் இரண்டு மூன்று நாள் சூடு வேண்டாம், வழிப்பு வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். காலை உயரத்தில் வையுங்கள். ஊன்றி நாலடி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுங்கள். 'டக்' சத்தமும் உடனடி வீக்கமும் இருந்தால் அதைச் சுளுக்கு என்று சொல்லாதீர்கள்.

டிரைவரின் மகன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. கபடி ஆடுகிறான். அப்பாவைவிட வேகம் என்கிறார்கள். பொங்கலுக்கு அடிவாரத்து ஊரில் போட்டி. "நீங்களும் வாங்க சார், கோட்டுக்குப் பக்கத்துல உக்காருங்க" என்று கூப்பிட்டிருக்கிறான். போகிறேன். ஐஸ் பெட்டி என் பொறுப்பு.