கண்ணுக்கு ஓரிடம், கேமராவுக்கு ஓரிடம்



எங்கள் மத்ரஸாவின் மொட்டைமாடியில் 130 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆடித் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. பிறை வளர்வதை மாணவர்கள் தம் கண்ணால் கண்டறிய வேண்டும் என்பதற்காக வாங்கியது. சென்ற மாதம் மஃரிப் தொழுகைக்குப் பின், நான்காம் பிறையைப் படமெடுத்துப் பெற்றோருக்கு அனுப்ப எண்ணி, ஐபீஸைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் கேமராவைப் பொருத்தினேன். திரையில் வெண்ணிற மங்கல் மட்டுமே தெரிந்தது. ஃபோகஸரின் குமிழைத் திருகிக் குழாயை முழுவதும் உள்ளே தள்ளியும் பிறை தெளியவில்லை.

முந்தைய இரவு தொலைநோக்கியைத் துடைத்து உறையிட்டு வைத்தவன் ஒரு மாணவன். "நீதான் எதையோ முறுக்கிக் கெடுத்திருக்கிறாய்" என்று எல்லார் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். "இல்லை, ஹஜ்ரத்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலைகுனிந்தபடி கீழே இறங்கிப் போனான்.

பிறகு ஐபீஸை மீண்டும் செருகிக் குழாயைச் சற்று வெளியே கொணர்ந்தேன். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே நிலவின் பள்ளங்கள் தெளிவாகத் தெரிந்தன. கருவியில் எந்தப் பழுதும் இல்லை.

தீய எண்ணம் கொள்வதைக் குர்ஆன் தடுத்திருப்பதை அந்த மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியவன் நான். மறுநாள், அதே மாணவர்கள் முன்னிலையில், அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்னர் இருவரும் அமர்ந்து அளந்து பார்த்தோம்.

காரணம் எளியதே. ஆடி ஒளியைக் குவிக்கும் தளம் ஒன்றுதான். ஐபீஸுக்கு அத்தளம் குழாயின் வாயருகே அமைந்தால் போதும். கேமராவிலோ படம் பதியும் தகடு உள்ளே ஆழத்தில் இருக்கிறது. இணைப்பு வளையத்தையும் சேர்த்தால் 55 மில்லிமீட்டர். அதை ஈடுசெய்யும் அளவுக்கு உள்ளே செல்ல எங்கள் ஃபோகஸரில் இடமில்லை. மேலும், சிறு விலகலை நம் கண் தானே சரிசெய்துகொள்ளும். கேமராவால் அது இயலாது. எங்கள் தொலைநோக்கியின் குவியத் தொலைவு 650 மில்லிமீட்டர். இத்தகைய கருவியில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலும் படத்தின் கூர்மை குன்றும்.

அடியிலுள்ள பெரிய ஆடியை நீளமான திருகாணிகளைக் கொண்டு 35 மில்லிமீட்டர் முன்னே நகர்த்தினோம். குவியமும் அதே அளவு வெளியே வந்தது. ஆடியின் சாய்வை மறுபடியும் நேர்ப்படுத்த ஒரு மாலைப்பொழுது முழுவதும் சென்றது. இப்போது கண்ணால் பார்க்கும்போது ஐபீஸுக்குக் கீழே 35 மில்லிமீட்டர் நீட்டிப்புக் குழாயைச் செருகுகிறோம். படமெடுக்கும்போது அதை அகற்றுகிறோம். கேமராவின் கனத்தால் ஃபோகஸர் நழுவாதிருக்க, குவியம் கிடைத்ததும் பூட்டுத்திருகை இறுக்கிவிடுகிறோம்.

அல்ஹம்துலில்லாஹ், இம்மாதப் பிறை தெளிவாகப் பதிந்தது. படமெடுத்தவன் அந்த மாணவனே. நீட்டிப்புக் குழாயும் இப்போது அவன் பொறுப்பில்தான் இருக்கிறது.

வஸ்ஸலாம்.